பேஸ்மேக்கர் 60, வாட்ச் 40: எதை நம்புவது?

வாசகர் கேள்வி – பதில்

இதயம் மெதுவாகும்போது மின்தூண்டல் கொடுத்துத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் ஸ்மார்ட் வாட்ச், நெஞ்சுப் பட்டை, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதியது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. இரண்டு ஒயர் உள்ள பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருடம் ஆகிறது. "இனி துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்காது" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பி வாங்கித் தந்த வாட்ச் சில நேரம் 39, 40 என்று காட்டுகிறது. பி.பி. மெஷினில் பார்த்தால் அதிலும் 40. அப்பாவோ "எனக்கு ஒன்றும் செய்யலையே" என்கிறார். கருவி பழுதாகிவிட்டதா?
– வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் கருவி சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஈ.சி.ஜி. பார்க்காமல் அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறோம். எங்களிடம் வருகிறவர்களுக்கு மிக அதிகமாகக் குழப்பம் தருவது இந்த 40தான்.

வாட்ச் இதயத்தைப் பார்ப்பதில்லை. பின்புறம் மினுக்கும் பச்சை விளக்கு, மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் மேல் விழுகிறது. இதயம் ஒரு முறை அழுத்தி ரத்தத்தைத் தள்ளினால் அங்கே ரத்தம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பேஸ்மேக்கர் எண்ணுவதோ மின்துடிப்பை. மின்துடிப்பு நடந்து, ரத்த அலை மணிக்கட்டு வரை வராமல் போனால், பேஸ்மேக்கர் கணக்கில் ஒரு துடிப்பு இருக்கும். வாட்ச் கணக்கில் இருக்காது.

அப்படி நடக்க வைப்பது 'எக்டோபிக்' என்று டாக்டர்கள் சொல்லும் முந்திக்கொண்டு வரும் துடிப்பு. இதயத்தின் கீழறை ரத்தம் நிரம்பும் முன்பே சுருங்கிவிடுகிறது. உள்ளே ரத்தம் குறைவாக இருப்பதால் மணிக்கட்டு வரை தெரியும் அளவுக்கு வெளியே தள்ள முடியாது. ஒன்று விட்டு ஒன்று இப்படி வந்தால் அதற்கு பைஜெமினி என்று பெயர். இப்போது கணக்கைப் பாருங்கள். பேஸ்மேக்கர் 60ல் வைக்கப்பட்டிருந்தால், ஒரு துடிப்புக்குப் பிறகு 1,000 மில்லி விநாடி காத்திருக்கும். அதற்குள் 500 மில்லி விநாடியில் ஒரு எக்டோபிக் வந்துவிடுகிறது. "இதயம் தானாகத் துடித்துவிட்டது" என்று கருவி எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி சுமார் 1,000 மில்லி விநாடி காத்திருக்கிறது. மாடலைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆக, 1,500 மில்லி விநாடிக்கு இரண்டு மின்துடிப்பு. நிமிடத்துக்கு 80. மணிக்கட்டுக்கு வந்து சேர்வது அதில் பாதி, 40. உங்கள் வாட்ச் காட்டுவதும் அதே எண்தான்.

பி.பி. மெஷினும் 40 காட்டியது உங்களைப் பயமுறுத்தியிருக்கும். வாட்ச், பி.பி. மெஷின், ஆக்ஸிமீட்டர், நாடி பிடிக்கும் விரல் எல்லாமே ரத்த அலையைத்தான் எண்ணுகின்றன. ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் சொல்லும் சாட்சி போல. நாலும் ஒரே எண்ணைச் சொல்வதால் பேஸ்மேக்கர் நின்றுவிட்டது என்று ஆகிவிடாது. வீட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கத் தெரிந்தவர் இருந்தால் ஒன்று செய்யலாம். ஒருவர் நெஞ்சில் கேட்டு எண்ணட்டும், அதே நிமிடம் இன்னொருவர் நாடி பிடித்து எண்ணட்டும். நெஞ்சில் 78, மணிக்கட்டில் 40 என்றால் வித்தியாசம் எங்கே என்று தெரிந்துவிடும்.

இதே 40க்கு இன்னொரு காரணமும் உண்டு, அது லேசானதல்ல. பேஸ்மேக்கர் மின்தூண்டல் கொடுத்தும் இதயத் தசை அதற்கு அசையாமல் போவது. 'கேப்சர் ஆகவில்லை' என்பார்கள். கருவி வைத்த முதல் சில வாரங்களில் ஒயர் நுனி இடம் மாறினால் இது நடக்கும். பிற்காலத்தில் ஒயர் சேதமானாலோ, தசை தூண்டலுக்கு இசைய முன்பைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டாலோ நடக்கும். எக்டோபிக்கா, கேப்சர் இல்லையா என்பதைப் பிரித்துச் சொல்ல நாடியால் முடியாது, ஈ.சி.ஜி. தாள் வேண்டும்.

எனவே செய்ய வேண்டியது இது. அப்பாவை 5 நிமிடம் உட்கார வையுங்கள். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கில்லாத நாடிக்கு உதவாது. விரல் எண்ணிக்கை 60க்கு மேல், வாட்ச் மட்டும் 40 என்றால் தவறு வாட்சில். பட்டை தளர்ந்திருக்கும், கை சில்லிட்டிருக்கும், அல்லது பச்சை குத்திய இடத்தில் கட்டியிருப்பார். விரலிலும் 50க்குக் கீழே என்றால் அன்றோ மறுநாளோ ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், கூடவே பேஸ்மேக்கர் கிளினிக்கில் தேதி கேளுங்கள். எக்டோபிக் எத்தனை வந்தது என்று கருவியே குறித்து வைத்திருக்கும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று டாக்டர் ரத்தத்திலும் பார்ப்பார்.

எண் குறைவதோடு தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

கேள்வி: பகலில் ஒழுங்காக இருக்கிறது. நடுராத்திரி 2 மணிக்கு மேல் வாட்ச் 51, 52 என்று பதிவு செய்திருக்கிறது. என் கருவியும் 60தான்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தூங்கும் நேரத்துக்குத் தனி வேகம் வைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை 50 என்று வைத்திருக்கலாம். ஹிஸ்டெரிசிஸ் என்று இன்னொன்றும் உண்டு: இதயம் தானாக 50 வரை இறங்கும்வரை கருவி பொறுத்திருக்கும், அதற்கும் கீழே போனால்தான் 60ல் தூண்டத் தொடங்கும். சொந்தத் துடிப்புக்கு இடம் கொடுக்கவே இந்த ஏற்பாடு. உங்கள் கருவியில் இவை போடப்பட்டிருக்கிறதா என்று அடுத்த செக்கப்பில் கேட்டு, கருவி வைத்தபோது தந்த கருவி அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். இரண்டுமே இல்லை என்று தெரிந்தால் 51க்கு விளக்கம் தேட வேண்டும்.

கேள்வி: வாட்சில் புளூடூத், காந்தம் எல்லாம் இருக்கிறதே. அது பேஸ்மேக்கரைக் கெடுக்காதா? மருமகள் கட்டவே கூடாது என்கிறாள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: புளூடூத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் சக்தி மிகக் குறைவு. பேஸ்மேக்கர் டைட்டேனியம் கூட்டுக்குள் இருக்கிறது; வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையை வடிகட்டும் பாகமும் அதில் உண்டு.

காந்தம் விஷயத்தில் மருமகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லா பேஸ்மேக்கரிலும் என்று சொல்ல முடியாவிட்டாலும் பெரும்பாலானவற்றில் காந்தத்தை உணரும் ஒரு பாகம் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. டாக்டர்கள் சோதனைக்கும் அறுவை சிகிச்சை நேரத்திலும் பயன்படுத்த. சுமார் 10 காஸ், அதாவது 1 மில்லிடெஸ்லா அளவு காந்தப்புலம் கருவி மேல் விழுந்தால், அது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தூண்டிக்கொண்டே இருக்கும். மெட்ரானிக் கருவிகளில் அந்த வேகம் 85, வேறு சில கம்பெனிகளில் 90லிருந்து 100 வரை. காந்தத்தை எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். நிரந்தரச் சேதம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் இதயத்தின் சொந்தத் துடிப்போடு கருவியின் தூண்டல் மோதுவது நல்லதல்ல.

2021ல் ஐபோன் 12ன் பின்புறக் காந்தம் நெஞ்சருகே வைத்தபோது ஒரு ஐ.சி.டி. கருவியை (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுப்பது) தற்காலிகமாகச் செயலிழக்க வைத்தது மருத்துவ இதழில் வெளியானது. அதே ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வலுவான காந்தம் உள்ள போன், வாட்ச் போன்றவற்றை உடலுக்குள் உள்ள கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொன்னது. ஆப்பிள் தன் பக்கம், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறது.

கையில் கட்டிய வாட்ச் சாதாரணமாக இந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும். எப்போது உள்ளே வந்துவிடுகிறது என்று பார்த்து வையுங்கள். கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்துத் தூங்கும்போது. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் உலோக வலைப் பட்டை போட்டிருந்தால் அது இன்னும் மோசம். துணியோ ரப்பரோ, கொக்கி உள்ள பட்டையாக மாற்றுங்கள். வாட்ச் சார்ஜரின் வட்டத் தட்டிலும் காந்தம் உண்டு. அதைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். நாங்கள் பார்த்தவரை வாட்சைவிடச் சட்டைப்பைதான் பெரிய பிரச்சினை. இடது சட்டைப்பையில் போன், அதோடு இயர்பட்ஸ் டப்பா. கருவியோ அதற்கு நாலு விரல் மேலே. வாட்சுக்குப் பயந்து கழற்றி வைத்துவிட்டு போனை அங்கேயே வைத்திருப்பவர்கள் உண்டு.

ஒரு வேடிக்கை: காந்தம் பட்டதைக் கண்டுபிடிக்க வாட்ச்தான் உதவும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எண் திடீரென்று 85, 90, 100 என்று ஒன்றில் ஏறி, ஆடாமல் அசையாமல் நின்றால், நெஞ்சருகே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதை வீட்டில் காந்தம் வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: வயது 46. முழு ஹார்ட் பிளாக் என்று இரட்டை ஒயர் கருவி வைத்தார்கள். டாக்டர் ஓட அனுமதித்துவிட்டார். இரண்டு சந்தேகம். ஒன்று, நெஞ்சுப் பட்டை சும்மா நிற்கும்போதே 130 காட்டுகிறது, வாட்சில் 66. இரண்டு, மெதுவாக ஓடினால் 125, 128 வரை ஏறுகிறது. கொஞ்சம் வேகம் கூட்டினால் வாட்சில் திடீரென்று 65க்கு விழுகிறது, அதே நேரம் மூச்சு முட்டிக் கால் தளர்கிறது. இரண்டுமே வாட்ச், பட்டை கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலாவது பட்டையின் கோளாறு. இரண்டாவது அப்படி இல்லை. அதை முதலில் எடுத்துக்கொள்வோம், அவசரமானது அதுதான்.

உங்களுக்கு இதயத்தின் மேலறை நன்றாகத்தான் இருக்கிறது. ஓடும்போது மேலறை வேகம் கூட்டுகிறது. அது கீழறைக்குப் போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. பேஸ்மேக்கர் மேலறைத் துடிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழறையைத் தூண்டுகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மேலறை சொல்வதைக் காதில் வாங்காமல் இருக்கும்படிதான் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் தூண்டலுக்கும் நடுவில் 150 மில்லி விநாடி, அதற்குப் பிறகு காது மூடும் நேரம் 310 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 460. 60,000ஐ 460ஆல் வகுத்தால் 130. மேலறை 130ஐத் தாண்டிய நொடியில், ஒன்று விட்டு ஒரு துடிப்பு இந்த மூடிய நேரத்தில் விழுகிறது. கருவி அதைக் கேட்பதில்லை. மேலறை 132 துடிக்க, கீழறை 66 மட்டும் துடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு ரத்தம் திடீரென்று பாதியாகிறது. கால் தளர்வது இதனால்தான். வாட்ச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஆபரேஷன் தேவையில்லை. கிளினிக்கில் புரோகிராமர் என்ற, பேஸ்மேக்கரின் அமைப்பை வெளியிலிருந்தே மாற்றும் கருவியை வைத்து, மேல் வேக வரம்பை உயர்த்தி, அந்த மூடிய நேரத்தைக் குறைத்து, வேகம் கூடக்கூட அது தானாகச் சுருங்கும்படி வைக்கலாம். டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்து மாற்றுவது இன்னும் நல்லது. அது முடியும்வரை வாட்சில் 115ஐத் தாண்டாமல் ஓடுங்கள். போகும்போது "ஓடும்போது மயக்கம் வருது" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, 128லிருந்து 65க்கு இறங்கியது என்ற பதிவைக் காட்டுங்கள். டெக்னீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி பட்டை. நெஞ்சுப் பட்டை ஈ.சி.ஜி. போலவே தோலில் மின்சாரத்தைக் கேட்கிறது. ஓட்டப்பந்தயக்காரரின் கூர்மையான, ஒடுங்கிய மின் அலையை எண்ணவே அதைச் செய்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவரின் தோலில் முதலில் தூண்டலின் ஊசி போன்ற கோடு, அடுத்து 120 மில்லி விநாடிக்கும் அதிகமாக அகன்ற அலை, பின்னால் 'டி அலை' எனப்படும் இன்னொரு பெரிய அலை என்று வரும். பட்டை ஊசியை ஒன்று, அலையை ஒன்று என்று எண்ணினால் 65 என்பது 130 ஆகிவிடும். ஒயர் 'யூனிபோலார்' முறையில் வைக்கப்பட்டிருந்தால் மின்சாரம் ஒயர் நுனியிலிருந்து நெஞ்சிலுள்ள பெட்டி வரை ஓடும், ஊசி உயரமாக இருக்கும், இந்தத் தொல்லை அதிகம். 'பைபோலார்' என்றால் ஓட்டம் ஒயர் நுனிக்குள்ளேயே முடிந்துவிடும், ஊசி சின்னது.

பட்டையை மாற்றும் முன் எளிதான காரணங்களைப் பாருங்கள். தொடும் பகுதியைத் தண்ணீரில் நனைத்து மாட்டினீர்களா? மார்புத் தசைக்குக் கீழே, நடு எலும்பு முடியும் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா? காய்ந்த தோலும் உரசும் பாலியெஸ்டர் பனியனும் சும்மாவே எண்ணைத் தாறுமாறாக்கும். வியர்வை உப்பு படிந்த பட்டையை அவ்வப்போது அலசிக் காயப்போடுங்கள். பட்டையை இடமோ வலமோ இரண்டு விரல் நகர்த்தினால் சில பேருக்குச் சரியாகிவிடுகிறது. எல்லாம் செய்தும் இரட்டிப்பாகவே வந்தால், உங்களுக்கு வாட்ச் போதும். முழங்கைக்குக் கீழே தசை உள்ள இடத்தில் கட்டும் ஒளிப் பட்டை அதைவிட நல்லது. ஓடும்போது மணிக்கட்டு அளவுக்கு ஆடாது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள்.

220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை மறந்துவிடுங்கள். அது கருவி இல்லாதவர்களுக்கு. உங்கள் உச்ச வேகத்தைக் கருவிதான் முடிவு செய்கிறது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது எந்த எண்ணையும்விட மேல்.

கேள்வி: டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது வாட்ச் 95 காட்டுகிறது. வீட்டில் உடற்பயிற்சி சைக்கிளை வியர்க்க மிதித்தாலும் 70ஐத் தாண்டுவதில்லை. தலைகீழாக இருக்கிறதே!
– வாசகர், சேலம்

பதில்: தானாக வேகம் கூட்ட முடியாத இதயத்துக்கு, கருவியே உடல் அசைவைப் பார்த்து வேகத்தைக் கூட்டும். பல கருவிகளில் அதற்கு உள்ளே இருப்பது போனில் இருப்பது போன்ற அசைவுமானி. குண்டும் குழியுமான சாலையில் பஸ் குலுக்கினால் நீங்கள் நடப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. சைக்கிளில் கால்தான் வேலை செய்கிறது. நெஞ்சு ஆடாமல் இருப்பதால் நீங்கள் ஓய்வில் இருப்பதாக நினைக்கிறது. மாடிப்படி ஏறும்போதைவிட இறங்கும்போது எண் கூடுவதும் இதே காரணத்தால்தான். இறங்கும்போதுதான் உடம்பு அதிகம் குலுங்கும்.

பஸ் விஷயத்தை விட்டுவிடலாம். சைக்கிள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், அசைவுமானியின் கூருணர்வைக் கூட்டச் சொல்லலாம். உங்கள் கருவியில் மூச்சின் அளவை வைத்து வேகம் கூட்டும் உணரியும் இருந்தால் அதை இயக்கச் சொல்லலாம். அதுவரை சைக்கிளுக்குப் பதில் கையை வீசி நடப்பது நல்லது.

கேள்வி: வாட்சில் ஈ.சி.ஜி. எடுத்தால் "முடிவு தெளிவில்லை" என்றே வருகிறது. ஆனால் 'ஒழுங்கற்ற துடிப்பு' எச்சரிக்கை ஒரு முறைகூட வந்ததில்லை. நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். வாட்ச் ஈ.சி.ஜி. என்பது இரண்டு கைகளுக்கு இடையே எடுக்கும் ஒரே ஒரு கோடு. பேஸ்மேக்கர் தூண்டிய அகன்ற அலையைப் படிக்க அதன் மென்பொருளைப் பழக்கவில்லை. சாம்சங் வாட்ச் ஈ.சி.ஜி.யும் வீட்டிலேயே ஈ.சி.ஜி. எடுக்கும் அலைவ்கோரின் கார்டியா கருவியும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அல்ல என்று கையேட்டிலேயே சொல்கின்றன.

மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை வாட்ச் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாடியின் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருப்பதை வைத்து. ஹார்ட் பிளாக் உள்ளவருக்கு மேலறை எப்படித் தறிகெட்டுத் துடித்தாலும், கீழறையைப் பேஸ்மேக்கர் ஒரே சீராக 60ல் தட்டிக்கொண்டிருக்கும். நாடி கடிகாரம் போல ஒழுங்காக இருக்கும். வாட்சுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூளையில் ரத்தக்கட்டி போய் அடைக்கும் அபாயம் அப்படியேதான் இருக்கும். மேலறையில் ஒயர் உள்ள கருவியானால் அதுவே இதை நேரம் தேதியோடு குறித்து வைக்கும். எனவே செக்கப்பில் கேட்க வேண்டிய கேள்வி: "மேலறையில் வேகத் துடிப்பு பதிவாகியிருக்கிறதா, எவ்வளவு நேரம்?" ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் அதையும் உங்கள் மற்ற நோய்களையும் வைத்து முடிவு செய்வார். கீழறையில் மட்டும் ஒற்றை ஒயர் இருந்தால் கருவிக்கும் இது தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது முழு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உடம்பின் கொழுப்பை அளக்கும் எடை மெஷின் வாங்கியிருக்கிறோம். சில வாட்சிலும் அந்த வசதி இருக்கிறதாமே?
– வாசகி, ஈரோடு

பதில்: இருதயத் துடிப்பை எண்ணும் வேலை வேறு, இது வேறு. துடிப்பை எண்ணும்போது வாட்ச் வெளிச்சத்தை மட்டும் அனுப்புகிறது. கொழுப்பை அளக்கும்போது, நாம் உணர முடியாத சிறு மின்சாரத்தை உடம்பு வழியாக ஓட விடுகிறது. 2023ல் யூட்டா பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்திய ஆய்வில், கணினி மாதிரியிலும் மேசைச் சோதனையிலும், இந்த மின்சாரத்தை உடலுக்குள் உள்ள கருவி இதயத் துடிப்பென்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தது. மனிதர்களிடம் வைத்துப் பார்த்த முடிவல்ல அது. ஆனால் எடையை மட்டும் பார்க்கச் சாதாரண மெஷின் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? மெஷினில் எடை மட்டும் காட்டும் முறை இருந்தால் அதில் வைத்து, செருப்போடு ஏறுங்கள். வாட்சில் 'உடல் அமைப்பு' அளவையைத் தொடாதீர்கள். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 முதல் இது வருகிறது.

மூச்சை வைத்து வேகம் கூட்டும் கருவி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த உணரியும் இப்படிச் சிறு மின்சாரம் விட்டுத்தான் மூச்சை அளக்கிறது. ஆஸ்பத்திரி மானிட்டரின் மின்சாரத்தோடு அது குழம்பி, கருவி உச்ச வேகத்தில் தூண்டியதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998லேயே எச்சரிக்கை விட்டது. ஐ.சி.யூ.விலோ ஆபரேஷன் தியேட்டரிலோ சேர்ந்தால் கருவி அட்டையை முதலில் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி. வாட்ச் கட்டலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கட்டலாம், கட்ட வேண்டும் என்றுகூடச் சொல்வோம். துடிப்பு எந்த வேகத்தைத் தொட்டால் கருவி ஷாக் கொடுக்கத் தயாராகும் என்று கேட்டு வையுங்கள். அது 180 என்றால் உடற்பயிற்சியில் 160, மிஞ்சினால் 170க்குள் நில்லுங்கள். காந்தம் மட்டும் உங்களுக்கு இரட்டை ஆபத்து: ஐ.சி.டி.யில் அது தூண்டும் வேகத்தை மாற்றாது, ஷாக்கை நிறுத்தி வைத்துவிடும். வாட்சில் எந்த மாற்றமும் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு மெட்ரானிக் கருவி வைத்து 9 வருடம். 60 என்று வைத்தது, ஒரு மாதமாக எப்போது பார்த்தாலும் 65. நடந்தாலும் கூடவில்லை. அசதி என்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பேட்டரி மாற்ற வேண்டிய கட்டத்துக்கு வந்ததும், மெட்ரானிக்கின் பல மாடல்கள் மிச்சம் பிடிக்க மேலறைத் தூண்டலையும் அசைவுமானியையும் நிறுத்திவிட்டு, கீழறையை மட்டும் 65ல் தூண்டத் தொடங்கும். அசதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்துக்குப் பிறகும் வழக்கமாகச் சுமார் 3 மாதம் ஓடும்படிதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். நெஞ்சிலுள்ள பெட்டியை மட்டும் மாற்றுவார்கள்; ஒயர் நன்றாக இருந்தால் அதையே திரும்பப் பொருத்துவார்கள்.

கேள்வி: கருவி வைத்து 10 நாள் ஆகிறது. எந்தக் கையில் கட்டுவது? எச்சரிக்கையை எதில் வைப்பது?
– வாசகி, விழுப்புரம்

பதில்: எந்தக் கையிலும் கட்டலாம். கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் இருக்க வேண்டிய 4 முதல் 6 வாரம் மட்டும், கட்டவும் கழற்றவும் வசதியான கையில் கட்டுங்கள். நெஞ்சுப் பட்டை புண் முழுவதும் ஆறிய பிறகு.

ஆப்பிள் வாட்சில் குறைந்த வேக எச்சரிக்கை 40ல் வைத்து வருகிறது. 10 நிமிடம் அசையாமல் இருக்கும்போது அதற்குக் கீழே போனால்தான் சொல்லும். கருவி 60ல் இருப்பவருக்கு இது மிகத் தாமதம். 50க்கு மாற்றுங்கள். இரவு வேகம் 50 என்று வைத்திருந்தால் 45. அதிக வேக எச்சரிக்கையைக் கருவியின் மேல் வரம்புக்கு ஏற்ப கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: வாட்ச் தினமும் எனக்கு 'மன அழுத்தம் அதிகம்' என்கிறது. ரிட்டயர் ஆகி நிம்மதியாக இருக்கிறேன்!
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த எண்ணைத் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துப் போடுகிறார்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் அழுத்தம் என்று அர்த்தம் கொள்கிறார்கள். உங்கள் இடைவெளியைப் பேஸ்மேக்கர் அளந்து வைக்கிறது, மாறாது. ஹார்ட் பிளாக்குக்குக் கருவி வைத்து, மேலறை தானாகத் துடிப்பவர்களுக்கு மட்டும் இந்த எண்ணில் ஓரளவு பொருள் உண்டு. மற்றவர்கள் மன அழுத்தம், உடல் மீட்சி, தூக்க மதிப்பெண் மூன்றையும் செட்டிங்கில் அணைத்துவிடலாம்.